கூரை எந்தத் தலைப்பில்?
சிறார் மையங்களின் நிதி வரலாறு பற்றி

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் பேரூர் உள்ளது. சுற்றிலும் கரிசல் மண். மழையை நம்பிய பயிர்கள். 1940இல் வேங்கடாசலபதி என்னும் காந்தியத் தொண்டர் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமமே இவ்வூருக்குத் தமிழகத்தின் பிற பகுதிகளில் பெயர் தேடித் தந்தது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடமும் இதுவே. 1892இல் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், இலண்டனில் கணக்காயராகப் பயிற்சி பெற்றார். பின்னர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொது நிதி பயின்றார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

குமரப்பாவைப் பற்றிப் பேசுவோர் அவருடைய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் கோட்பாட்டையே எடுத்துரைப்பர். ஆனால் அவர் முதலில் ஒரு தணிக்கையாளர். 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியின் கணக்குகளைப் பொறுப்பேற்றபோது, தொண்டருக்கு நாளொன்றுக்கு மூன்று அணாவே உணவுச் செலவு என்று வரையறுத்தார்; காந்தியடிகள் தம் குழுவினருடன் வந்தபோதும் அதற்கு மேற்பட்ட செலவை நிவாரண நிதியில் எழுத மறுத்துவிட்டார். ஒவ்வொரு காசும் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்று பார்க்கும் கண் அது. ஐந்து வயதுக்கு உட்பட்ட சிறாரைப் பகற்பொழுதில் பேணும் மையங்கள் நம் நாட்டில் எவ்வாறு நிதி பெற்றன, அவற்றுக்கு இடமும் கட்டடமும் எங்கிருந்து வந்தன என்னும் வரலாற்றை அந்தக் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லுப்பட்டி ஆசிரமம் பின்பற்றிய ஆதாரக் கல்வி முறையிலிருந்தே தொடங்கலாம். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து, ஜாமிஆ மில்லிய்யாவின் தலைவராயிருந்த டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் குழு ஒன்று அமைந்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே தன் அறிக்கையை அளித்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான கட்டாயக் கல்விக்கு அது வகை செய்தது. மாணவர் கைத்தொழிலால் விளையும் பொருளைக் கொண்டு ஆசிரியர் ஊதியத்தை ஈடுகட்டலாம் என்ற காந்தியடிகளின் கருத்து அன்று பெரும் வாதத்தைக் கிளப்பியது. அந்த வாதத்தின் ஆரவாரத்தில், ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை ஏறத்தாழ மறைந்தே போயிற்று. நூல் நூற்கவோ நெய்யவோ இயலாத அக்குழந்தை தன் செலவைத் தானே ஈட்ட முடியாதன்றோ! சிறையிலிருந்து மீண்ட பின், 1945இல் சேவாகிராமத்தில் கூடிய மாநாட்டில், கல்வி என்பது பிறப்பு முதல் இறப்பு வரை நீள்வது என்று காந்தியடிகள் தம் திட்டத்தை விரித்தார். ‘முன் ஆதாரக் கல்வி’ என்னும் பிரிவு அப்போதுதான் உருப்பெற்றது. ஆயினும் அதற்கான செலவு யாருடையது என்னும் வினா விடையின்றியே நின்றது.

அந்த வினாவுக்கு நடைமுறையில் ஒரு விடை இருந்தது. தாய் களையெடுக்கப் போனால் மூத்த பெண் பிள்ளை வீட்டில் தங்கித் தூளியை ஆட்டினாள். அவளுடைய பள்ளிப்படிப்பே இந்நாட்டின் சிறார் பராமரிப்புக்கு முதலில் செலவிடப்பட்ட மூலதனம். எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அது ஏறியதில்லை.

ஜாமிஆவிலும் இத்தகைய கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்னும் யூதப் பெண்மணி, ஜாகிர் உசேனின் பெர்லின் நாள்களில் அறிமுகமானவர், 1930களின் தொடக்கத்தில் டில்லி வந்து ஜாமிஆவின் சிறு குழந்தைகளைப் பேணுவதில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். பிள்ளைகள் அவரை ‘ஆப்பா ஜான்’ என்று அழைத்தனர். 1943இல் காலமான அவர் ஜாமிஆ அடக்கத்தலத்திலேயே அடங்கியுள்ளார். இன்று அப்பல்கலைக்கழகத்தின் குழந்தைக் காப்பகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குறைந்த ஊதியத்தில் இருபது ஆண்டுகள் பணி செய்வதாக உறுதி பூண்ட ஆசிரியர்களால் ஜாமிஆ பிழைத்தது என்பர்; சிறார் பகுதி அதனினும் குறைந்த செலவில், ஒரு பெண்ணின் முழு வாழ்வைக் கொண்டு நடந்தது.

‘அங்கன்வாடி’ என்ற சொல்லை நாம் நாள்தோறும் சொல்கிறோம். அதன் பொருளை நினைப்பதில்லை. அங்கன் என்பது முற்றம். தமிழிலும் ‘அங்கணம்’ முற்றத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லே. மராட்டியத்தில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகிய இரு பெண்மணிகள் 1945 முதல் போர்டியில் பணியாற்றியபோது, பழங்குடிக் குழந்தைகள் மையத்தை நாடி வரவில்லை. எனவே மையமே அவர்தம் குடிசை முற்றங்களுக்குச் சென்றது. அதுவே அங்கன்வாடி. கட்டடம் இல்லாமையையே ஒரு முறையாக்கிக் காட்டிய நுண்ணறிவு அது, பாராட்டத்தக்கது. ஆனால் பின்னாளில் அரசு அப்பெயரை எடுத்துக்கொண்டபோது, முறையை விட்டுவிட்டு, கட்டடம் இல்லாமையை மட்டும் எடுத்துக்கொண்டதோ என்று ஐயுற இடமுண்டு.

இதற்கு நேர்மாறான ஒரு தொடக்கமும் உண்டு. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். அதற்குப் பணம் தந்தது தரும நிறுவனமன்று. அங்கிருந்த தொழிலாளர் குடியிருப்புகளைச் சீர்செய்து வாடகைக்கு விட்ட ஒரு கட்டட நிறுவனம். பெற்றோர் வேலைக்குச் சென்ற பின், கேட்பாரற்ற பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பேணினால், பழுதுபார்க்கும் செலவில் மிச்சப்படும் தொகையே அந்த அறைக்கும் ஆசிரியைக்கும் போதும் என்று நிறுவனத்தார் கணக்கிட்டனர். உயர்ந்த நோக்கம் ஏதுமில்லை. ஆனால் கணக்குச் சரியாக இருந்தது. இடம், ஆள், பராமரிப்பு மூன்றும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. அதே மாண்டிசோரி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் கோடைக்கானலில் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். மலைக்குக் கீழே இருந்த மதுரைச் சமவெளியின் சிற்றூர்களுக்கு அவருடைய மரச் சாதனங்கள் எட்டவில்லை. அந்தக் கணக்கும் எட்டவில்லை.

விடுதலைக்குப் பின், 1953இல் துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு மத்திய சமூக நல வாரியம் நிறுவப்பட்டது. தன்னார்வ நிறுவனங்களுக்கு மானியம் வழங்கி ஊர்தோறும் பாலவாடிகளை நடத்தச் செய்வது அதன் பணிகளுள் ஒன்று. (அச்சொல் தமிழ் மக்கள் நாவில் ‘பால்வாடி’ ஆயிற்று; பால் கிடைக்குமிடம் என்று பொருள் கொண்டவரும் உளர்.) மானியம் சேவிகையின் மதிப்பூதியத்துக்கும் சிற்றுண்டிக்கும் வந்தது. இடம் ஊராரின் பங்களிப்பு என்று விடப்பட்டது. சாவடி, கோயில் மண்டபம், செல்வர் ஒருவரின் வீட்டுத் திண்ணை, பஞ்சாயத்துக் கொட்டகை ஆகியன மையங்களாயின.

ஊரார் தரும் இடம் என்னும் சொற்றொடர் கேட்க இனிதாயிருக்கிறது. ஆனால் ஊர் என்பது யார்? நம் கிராமங்களில் இடம் என்பது ஏதேனும் ஒரு தெருவைச் சேர்ந்தது. மண்டபம் யாருடையதோ, திண்ணை யாருடையதோ, அவர்தம் பிள்ளைகள் உள்ளே வந்தனர். சேரிக் குழந்தை வாசலோடு நின்றது. ஊருக்கு வெளியே தனித்தெருவாயிருந்த பிற சமூகத்தாரின் பிள்ளைகளும் பல இடங்களில் அவ்வாறே. இடத்துக்கு நிதி ஒதுக்காத திட்டம், யாரைச் சேர்ப்பது என்னும் முடிவையும் இடம் தருபவரின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. இந்நிலை எவ்வளவு நீடித்தது என்பதற்கு, 2006 டிசம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணையே சான்று. ஆறு வயதுக்கு உட்பட்ட நாற்பது குழந்தைகளேனும் உள்ள ஒரு குடியிருப்பினர் கோரினால் மூன்று மாதத்துக்குள் அங்கே மையம் அமைக்கப்பட வேண்டும் என்றும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் நீதிமன்றம் கூற வேண்டியதாயிற்று.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கியது. பணியாளருக்கு மாதம் 100 ரூபாய். மெட்ரிகுலேஷன் தேறியவராயின் 150. இடத்துக்கு மீண்டும் சமூகமே பொறுப்பு; வேண்டுமானால் ஒரு சிறு வாடகை. 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, முதலில் அது கால் ஊன்றியது மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை குன்றியவர்க்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துருண்டை தருவது அதன் முறை. தராசு வந்தது, அட்டை வந்தது, பயிற்சி பெற்ற பெண் வந்தார். குழந்தை அங்கே பகல் முழுதும் தங்காது என்பதால் கூரையைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1982 ஜூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இந்நிலையை ஒரேயடியாக மாற்றியது. இரண்டு வயது முதல் பள்ளி வயது வரையிலான குழந்தைகள் ஊர்தோறும் மையங்களில் அமர்ந்து உண்டனர். அமைப்பாளர், சமையலர், ஆயா என்று மூவர் பணி பெற்றனர். எதிர்ப்பாளரும் பின்னர் ஏற்றுக்கொண்ட பெருஞ்செயல் அது. எனினும் அவ்வளவு விரைவில் அத்துணை ஊர்களில் அடுப்பு மூட்ட வேண்டுமாயின் கையில் கிடைத்ததைக் கொண்டே மூட்ட வேண்டும். பனையோலையும் தென்னங்கீற்றும் கையில் கிடைத்தன.

2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கொட்டகைச் சமையலறையில் பற்றிய தீ, மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிஞ்சு உயிர்களைக் கொண்டது. உணவுக்கு நிதி இருந்தது. அதைச் சமைக்கும் கூரைக்கு இல்லை. அதன் பின்னரே கீற்றுக் கூரைகளை அகற்றும் ஆணைகள் பிறந்தன. நேர்ந்ததை விதி என்று சொல்லி அமைவது எளிது. ஆனால் அக்கூரை ஒரு கணக்கேட்டின் வெற்றிடமும் ஆகும்.

ஈண்டு நம் சட்ட மரபில் ஒரு செய்தியை நினைவுகூர்வது பொருத்தம். கெய்ரோ நகரில் அப்துர் ரஹ்மான் கத்குதா என்னும் பிரமுகர் 1744இல் எழுப்பிய கட்டடம் இன்றும் நிற்கிறது. கீழே வழிப்போக்கருக்குத் தண்ணீர் வழங்கும் சபீல். மேலே சிறுவர் ஓதும் குத்தாப். அந்நகரின் இத்தகைய வக்ஃபு ஆவணங்கள் எத்தனை அநாதைச் சிறுவர், ஆசிரியருக்கு மாதம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை உடை என்று நுணுகி எழுதும். அதனினும் கருதத்தக்கது வேறொன்று. மதுரைச் சமவெளியின் இராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபிச் சட்டத்தில், வக்ஃபின் வருவாயில் முதல் உரிமை பயனாளிக்கு அன்று, அச்சொத்தைப் பழுதுபார்ப்பதற்கே. வாகிஃப் அவ்வாறு எழுதிவைக்காவிடினும் இது பொருந்தும். குடியிருக்க விடப்பட்ட வீடாயின் குடியிருப்பவரே பழுது நீக்க வேண்டும். அவர் மறுத்தால் காஜி அதை வாடகைக்கு விட்டு, அவ்வாடகையில் செப்பனிட்டு, மீண்டும் அவரிடமே ஒப்படைப்பார் என்று ஹிதாயா விளக்குகிறது. கூரை ஒழுகும்போது அறம் தானாகவே ஒழுகிப்போகும் என்பதை அச்சட்ட அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். நம் வக்ஃபுகளில் எத்தனை இந்த முதல் விதியைப் பின்பற்றுகின்றன என்பது தனிக் கட்டுரைக்குரியது. இனிமையான கட்டுரையாக இராது.

நம் அரசு ஏடுகளில் இந்த வரிசை தலைகீழாயிருந்தது. 1994இல் 19.90 கோடி ரூபாய் முதலீட்டில் தேசியக் குழந்தைக் காப்பக நிதி ஒன்று நிறுவப்பட்டது. முதல் அழியாமல் அதன் வட்டியைக் கொண்டு காப்பகங்களுக்கு உதவுவது நோக்கம். வட்டி என்னும் சொல்லை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வடிவில் வக்ஃபை ஒத்தது. ஆனால் 2006இல் அது ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, ஆண்டு மானியம் என்னும் வழக்கமான பாதைக்குத் திரும்பியது. அத்திட்டத்தில் காப்பகம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 42,384 ரூபாய். 2017இல் செலவு மத்திய அரசு 60, மாநிலம் 30, நடத்தும் நிறுவனம் 10 என்று பங்கிடப்பட்டது. மூவரில் ஒருவர் தாமதித்தாலும் சம்பளம் நிற்கும். நாடெங்கும் ஆயிரக்கணக்கான காப்பகங்கள் மூடப்பட்டன. 2022இல் ‘பால்னா’ என்று பெயர் மாறியது.

தொழிற்சட்டங்களின் வழியும் அகலமானதன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1976இல் அது முப்பதாகக் குறைந்தது. பீடித் தொழிலாளருக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய விதியைச் செய்தது. ஆனால் மேலப்பாளையத்திலும் பிற பீடி ஊர்களிலும் நம் பெண்கள் முறத்தை மடியில் வைத்து வீட்டிலேயே சுற்றினர். தொழிற்கூடம் இல்லை; ஆகவே காப்பகமும் இல்லை. தாய் வீட்டில்தானே இருக்கிறாள் என்று சட்டம் எண்ணியது. புகையிலைத் தூளின் நடுவே தவழ்ந்த குழந்தையை அது எண்ணவில்லை. கட்டடத் தொழிலாளர் நிலை இன்னும் விந்தை: கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று தீர்வையாகத் திரட்ட 1996இல் சட்டம் வந்தது. ஊருக்கெல்லாம் கூரை வேய்பவரின் குழந்தை மணற்குவியலில் உறங்கும் காட்சி அதன் பிறகும் மறையவில்லை.

அங்கன்வாடிகளுக்குத் திரும்புவோம். மத்திய கணக்குத் தணிக்கைத் துறை, 2006 முதல் 2011 வரையிலான காலத்தை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், தாம் பார்வையிட்ட மையங்களில் 61 விழுக்காட்டுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை என்றும், 25 விழுக்காடு அரைகுறைக் கட்டடத்திலோ மண்குடிசையிலோ திறந்த வெளியிலோ நடந்தன என்றும் பதிவு செய்தது. 52 விழுக்காட்டில் கழிப்பிடம் இல்லை. 1975இல் தொடங்கிய ஒரு திட்டம், வடகிழக்கு மாநிலங்கள் நீங்கலாக, கட்டடத்துக்கென்று நாடளாவிய நிதி ஒதுக்கியது 2012இல்தான்: மையம் ஒன்றுக்கு 4.5 லட்சம் ரூபாய். பின்னர் ஊரக வேலை உறுதித் திட்டத்துடன் இணைத்து 7 லட்சம். அதன்பின் 12 லட்சம். இதில் வேலை உறுதித் திட்டத்திலிருந்து 8, பதினைந்தாவது நிதிக் குழு மானியத்திலிருந்து 2, மகளிர் குழந்தைகள் நலத் துறையிலிருந்து 2 லட்சம். மூன்று தலைப்புகள், மூன்று அலுவலர்கள், மூன்று பயன்பாட்டுச் சான்றுகள். கரிசலில் வெயிலில் மண் வெட்டிய பெண்களின் கூலித் திட்டமே அவர்தம் பிள்ளைகளின் மையத்துக்குப் பெரும்பங்கு தந்தது என்பதை நோக்க வேண்டும்.

தமிழகத்தில் 54,439 மையங்கள் உள்ளன. நம் மாநிலம் பிற மாநிலங்களை விட முன்னே நிற்பதற்குச் சட்டமன்ற உறுப்பினர் நிதி, நமக்கு நாமே திட்டம் எனப் பல வாய்க்கால்கள் இங்கே இருந்தமை ஒரு காரணம். அவ்வாய்க்கால்களில் நீர் கேட்கத் தெரிந்த ஊருக்கே பாயும். 2006 ஜூனில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டத்தின் முதல் அம்சமே சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அங்கன்வாடி என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 2008-09இல் சிறுபான்மையினர் செறிந்த 90 மாவட்டங்களில் அங்கன்வாடிக் கட்டடம் உள்ளிட்டவற்றுக்குச் சிறப்பு நிதி வந்தபோது, அப்பட்டியலில் தமிழகத்தின் ஒரு மாவட்டமும் இல்லை. நம்மவர் இங்கே சிதறி வாழ்கின்றனர்; மாவட்டக் கணக்கில் செறிவு தெரியாது, தெருக் கணக்கில் தெரியும். நிதியோ தெருக் கணக்கைப் பார்ப்பதில்லை. நிலம் காட்டினால் கட்டடம் தரலாம் என்று ஒன்றிய அலுவலகம் சொல்லும்போது, நெருக்கமான தெருக்களில் காட்டுவதற்கு அரசு நிலம் இராது. ஜமாஅத் நிலம் உண்டெனில், அதைப் பொதுப் பயனுக்கு நீண்ட கால உடன்படிக்கையில் விட இயலுமா என்று முதவல்லிகள் வக்ஃபு வாரியத்தைக் கேட்டறியலாம். அவ்வாறு விடும்போது அந்த மையம் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்தல் நலம். பழைய திண்ணைகளின் கதை நமக்குத் தெரியும்.

கல்லுப்பட்டிக்குத் திரும்பினால், அங்கே கட்டடம் எழுப்புவோர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அடித்தளத்தை ஆழமாக இறக்கி, மணல் பரப்பி எழுப்பாவிடில் சில ஆண்டுகளில் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். கதவு சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். தரை குழிந்து தளக்கல் பெயரும். செம்மண் ஊருக்கும் கரிசல் ஊருக்கும் மதிப்பீட்டுத் தொகை ஒன்றே. கட்டி முடித்த பின் பராமரிப்புக்கு வருவது ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். அதில் பூட்டும் சுண்ணாம்பும் வாங்கலாம். விரிசலை அடைக்க முடியாது. வாடகை மையமாயின், ஒதுக்கீடு வரும் வரை வீட்டுக்காரருக்குத் தம் மதிப்பூதியத்திலிருந்தே வாடகையைத் தந்துவிட்டுக் காத்திருக்கும் பணியாளர்கள் உண்டு. மின்விசிறி பழுதானாலும் அடுப்பு பழுதானாலும் அவ்வாறே. அத்தொகை எந்த ஏட்டிலும் எந்தத் தலைப்பிலும் எழுதப்படுவதில்லை. மூன்று அணாவுக்குக் கணக்குக் கேட்ட குமரப்பா, அந்த ஏட்டைத்தான் முதலில் கொண்டுவரச் சொல்லியிருப்பார்.